எல்லாவற்றுக்கும் ஒரே சரி

திருத்தணி மலைக்கு மொட்டை போட வருகிறவர்கள் இறங்குகிற பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பூக்கடைச் சந்தில், முரளிதரனின் நெட் சென்டர் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டடி இடம். கம்ப்யூட்டர் இரண்டு, அதில் ஒன்று பேருக்கு. ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர், உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாய்கிற பெஞ்சு ஒன்று. முரளிக்கு நாற்பத்து மூன்று வயது. சென்னையில் ஒரு கால் சென்டரில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். அந்த நாலு வருஷமும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசினதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்பது அவனுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. ஊர் அவனைக் கம்ப்யூட்டர் படித்தவன் என்று முடிவு கட்டிவிட்டது. அவனும் இல்லை என்று சொல்லவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் எத்தனையோ நன்றாக இருந்திருக்கும்.

அவனுக்கு ஒரு பெருமை உண்டு. அவனிடம் வந்த காகிதம் தொலையாது. மற்ற கடைக்காரர்கள் வேலை முடிந்ததும் வந்த ஆளை மறந்துவிடுவார்கள். முரளி மறக்கமாட்டான். ஸ்கேன் செய்த எதையும் அழிக்காமல், ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் போட்டு டெஸ்க்டாப்பிலேயே வைத்துவிடுவான். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் தெரிகிற அந்த முகப்பில் அவனும் எல்லாரையும் போல முருகன் படம்தான் வைத்திருந்தான். ஆனால் வேலின் நுனி தவிர முருகன் எங்கேயும் தெரியமாட்டார், அவ்வளவு கோப்புகள். கனகம்மாசத்திரத்து விவசாயி ஒருவர் சிட்டாவைப் பஸ்ஸில் விட்டுவிட்டுக் கண் கலங்கி வந்து நிற்பார். "போன வைகாசியில எடுத்தமே முரளி" என்பார். முரளி ஒன்றும் பேசாமல் இரண்டு தட்டுத் தட்டுவான், பிரிண்டர் கடகடவென்று சிட்டாவைத் துப்பும். அவர் கையெடுத்துக் கும்பிடுவார். அந்தக் கும்பிடுக்காகவே அவன் எதையும் அழிக்காமல் வைத்திருந்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. கம்ப்யூட்டர் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். இதை அனுமதிக்கலாமா, இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல, தொடரலாமா, இப்போதே புதுப்பிக்கவா, பிறகா. முரளி எதையும் படிக்கமாட்டான். அந்தக் கேள்விப் பெட்டி திரையில் முழுதாக எழும்புவதற்குள்ளேயே அவன் விரல் 'சரி'யில் இருக்கும். சும்மா சொல்லக்கூடாது, அதற்குக் காரணமும் உண்டு. அவனிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். அந்தப் பெட்டியை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தால் ஆர்.கே.பேட்டை வண்டி போய்விடும், அடுத்தது முக்கால் மணி நேரம் கழித்துத்தான். "இது இன்னாவோ கேக்குதே" என்று யாராவது பயந்தால், "அது அப்டித்தான் கேட்டுகினு இருக்கும், சரி குடுங்க" என்று அவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பேருடைய விரலை அவன் இப்படிப் பழக்கினான் என்பதற்குக் கணக்கே இல்லை.

புவனா வந்தது ஒரு கிருத்திகை அன்று. ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் வைத்திருக்கிற குடும்பத்து மருமகள். கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. மாமியார் கோவிந்தம்மாள் வேண்டிக்கொண்டபடி, மாதா மாதம் கிருத்திகைக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் படியேறிவிட்டு வருவாள். எதற்காக ஏறுகிறாள் என்பது பஸ்ஸில் வருகிற எல்லாருக்கும் தெரியும். 'பாவம்' என்று அவள் காதுபடவே சொல்லுவார்கள். ரேஷன் கார்டில் அவள் பெயரைச் சேர்த்துக் கொடுத்தது முரளிதான், அந்தப் பழக்கத்தில் அண்ணா என்று கூப்பிடுவாள்.

அன்றைக்குக் கடையில் ஆள் போகும்வரை வெளியில் நின்றுவிட்டு உள்ளே வந்தாள். அர்ச்சனைப் பையின் அடியிலிருந்து, பேப்பரில் சுற்றிய ஒரு லேப் ரிப்போர்ட்டை எடுத்தாள். வேலூர் டாக்டர் ஒருவருக்கு மெயிலில் அனுப்ப வேண்டும், படிக்காமல் அனுப்புங்கள் என்றாள். படிக்காமல் ஸ்கேன் எடுக்கலாம், நேராக வந்திருக்கிறதா என்று பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தான். அது அவளுடைய ரிப்போர்ட் இல்லை. மேலே ஸ்ரீதர் என்று அவள் புருஷன் பெயர் இருந்தது. கீழே இருந்த ஒரு வரி யாருக்கும் புரிகிற இங்கிலீஷில் இருந்தது. குறை அவனிடம். அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"அவருக்கு நான் வாக்கு குடுத்துகீறேன் அண்ணா," என்றாள். "எங்க மாமியாருக்குக்கூட தெரியாது. குறை என்கிட்டன்னே இருந்துட்டுப் போவட்டும்னு நான்தான் சொன்னேன். அனுப்பிட்டு அழிச்சிடுங்க."

"அழிச்சிடறேம்மா. இங்க வந்தது எங்கயும் போவாது."

அனுப்பினான். அழிக்கவில்லை. டாக்டர் மறுபடி கேட்டால் இந்தப் பெண் அந்த மடிந்து கிழிந்த காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யும், இருக்கட்டும் என்று நினைத்தான். நல்ல எண்ணம்தான். ஒருத்தி வாய்விட்டுக் கேட்டதைச் செய்யாமல் விடுவதற்கு நல்ல எண்ணத்தைவிட வசதியான சாக்கு கிடைக்காது. வழக்கம்போல, 'புவனா ஸ்ரீதர் ஆர்.கே.பேட்டை ரிப்போர்ட்' என்று பெயரும் போட்டு வைத்தான்.

பத்து நாள் கழித்து ஸ்ரீதரின் தம்பி டில்லிபாபு வந்தான். சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே செய்கிறவன். அன்று ஆர்.கே.பேட்டையில் காலையிலிருந்து கரண்டு இல்லை, ஆபீஸுக்கு ஒரு ஃபைல் அவசரமாகப் போக வேண்டும். முரளி எழுந்து தன் நாற்காலியையே கொடுத்தான். டில்லிபாபு பிரவுசரைத் திறந்து தன் மெயில் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் பிரவுசர் வேறு, கம்ப்யூட்டர் வேறு. பிரவுசர் தெருப்பக்க அறை மாதிரி. வந்தவர் அங்கேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போய்விடுவார், உள்கட்டுக்கு வரமாட்டார். இப்போது வசதி வசதி என்று இரண்டுக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டார்கள். பிரவுசரில் ஒருவன் பெயர் கொடுத்து நுழைந்தால், இவரை வீடு முழுக்க விடலாமா என்று கம்ப்யூட்டரே கேட்கிறது. அன்றைக்கும் கேட்டது. 'இந்தக் கணக்கை இந்தக் கணினி முழுவதும் பயன்படுத்தலாமா?' அடியிலேயே பொடி எழுத்தில், 'இல்லை, இந்தத் தளத்தில் மட்டும்' என்றும் இருந்தது. டில்லிபாபு ஒரு கணம் நிதானித்தான். பின்னால் நின்றிருந்த முரளி அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிச் 'சரி'யை அழுத்தினான். உடனே அடுத்த பெட்டி: 'டெஸ்க்டாப்பில் உள்ளவற்றைப் பத்திரமாக நகல் எடுத்து வைக்கலாமா?' பத்திரம் என்ற வார்த்தை மட்டும் முரளி கண்ணில் பட்டது. அதற்கும் சரி.

ஃபைல் போனது. டில்லிபாபு மெயிலிலிருந்து வெளியேறினான், பிரவுசரை மூடினான், நன்றி சொன்னான், பஸ்ஸைப் பிடித்தான். அவன் பிரவுசரிலிருந்துதான் வெளியேறினான். கம்ப்யூட்டரிலிருந்து வெளியேறவே இல்லை. அன்று மாலைக்குள் முரளி எட்டு வருஷமாகச் சேர்த்த அத்தனை காகிதமும் டில்லிபாபுவின் கணக்குக்குள் நகலாகிப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கணக்கு டில்லிபாபுவின் போனிலும் இருந்தது.

அடுத்து நடந்ததெல்லாம் முரளிக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டில்லிபாபுவின் போன் 'உங்கள் புதிய படங்கள்' என்று என்னென்னவோ காட்டியிருக்கிறது. யார் யாருடைய ஆதாரோ, யார் வீட்டுப் பத்திரமோ, எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை. நடுவில் அண்ணியின் பெயர். திறந்தால் அண்ணனின் பெயர். டில்லிபாபுவைக் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். அம்மா அண்ணியைப் பேசுகிற பேச்சு அவனுக்கு எப்போதுமே பிடிக்காது. இதைக் காட்டினால் அடங்கிவிடுவாள் என்று நினைத்து அம்மாவிடம் காட்டியிருக்கிறான். அம்மாவைத் தெரியாத பிள்ளை! கோவிந்தம்மாள் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து தெருவுக்கு வந்து, கட்டினவன் மானத்தைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்புகிறவளும் ஒரு பொம்பளையா என்று மருமகளைக் கேட்டாள். அதுவரை வீட்டுக்குள் மட்டும் இருந்தது, கோவிந்தம்மாள் கத்தியதில் தறிக்காரத் தெரு முழுக்கத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை ஸ்ரீதர் கடைக்கு வந்தான். முப்பத்தைந்து வயது, நல்ல உயரம், குனிந்தே உள்ளே வந்தான், அப்புறமும் நிமிரவில்லை. கடையில் மூன்று பேர் இருந்தார்கள். வெளியில் பூக்கடையை ஒட்டி நிறுத்திய பைக்கின் பக்கத்தில் புவனா நின்றிருந்தாள். பேச்சு கேட்கிற தூரம்தான்.

"முரளிண்ணா," என்றான் ஸ்ரீதர், பக்கத்தில் வந்து. "அந்த ரிப்போர்ட்டு உங்ககிட்டருந்து போச்சா?"

கோப்பு அங்கேயேதான் இருந்தது. மூன்றாவது வரிசையில், முருகனின் தோள் இருக்க வேண்டிய இடத்தில். முரளி கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. ஒரு தட்டுத் தட்டி வேறு ஏதோ பக்கத்தைத் திறந்து அதை மறைத்தான். மறைத்த பிறகுதான் வாய் வந்தது. மூன்று பேர் பார்க்கிறார்கள், எட்டு வருஷப் பெயர், பூக்கடைக்காரிவரை காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள்.

"இல்ல தம்பி. அன்னிக்கே அழிச்சிட்டேன். என் மிஷின்லருந்து ஒண்ணும் வெளிய போவாது."

"அப்ப அவதான் யாருக்கோ அனுப்பிகீறா."

"அது உங்க வூட்டு விஷயம்பா. நான் இன்னா சொல்றது."

பொய்யாவது பயத்தில் வந்தது. இந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்ன அவசியம்? யாரும் கேட்கவில்லை, அவனே எடுத்துக் கொடுத்தான். வெளியில் புவனா ஒரு தரம் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். பிறகு புடவையை ஒதுக்கிக்கொண்டு பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஸ்ரீதர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மத்தியானம் கடையை அரைக்கதவு சாத்திவிட்டு முரளி உட்கார்ந்து பார்த்தான். ஒவ்வொரு கோப்பின் ஓரத்திலும் சின்னதாக ஒரு பச்சை டிக் இருந்தது. கொஞ்ச நாளாகவே இருந்ததுதான். வாத்தியார் போடுகிற டிக் மாதிரி ஏதோ நல்லதுதான் என்று விட்டிருந்தான். இப்போது அதன்மேல் அழுத்திப் பார்த்தான். மேலே டில்லிபாபு என்று பெயர் வந்தது, பக்கத்தில் அவனுடைய சிரித்த முகப் படம். கீழே, 'நான்காயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் பத்திரமாக உள்ளன'. தன் கை அந்தப் பையனின் தோளுக்கு மேலாக நீண்டதுவரை ஞாபகம் வந்தது.

முதல் காரியமாக அந்தக் கணக்கைத் துண்டித்தான். பிறகு புவனாவின் ரிப்போர்ட்டை அழித்தான். குப்பைத் தொட்டிக்குள் போய் அங்கிருந்தும் அழித்தான். கேட்ட அன்றைக்குச் செய்ய அரை நிமிஷம்கூட ஆகாத வேலை. போன நகல்களை அழிக்க வேண்டுமென்றால் டில்லிபாபுவிடம் சொல்ல வேண்டும். அவனிடம் சொன்னால் எல்லாம் வெளியில் வரும். நம்பர் போனில் இருந்தது. இரண்டு தரம் எடுத்து, இரண்டு தரம் வைத்தான்.

நாலு நாள் அப்படியே போயிற்று. முரளி தனக்குத்தானே நிறையப் பேசிக்கொண்டான். எவ்வளவு பெரிய கம்பெனிக்காரன் செய்த பெட்டி, எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்தது அவன்தானே, நான் என்ன செய்வேன் என்றான். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கம்பெனிக்காரன் வந்து 'உங்க வூட்டு விஷயம்பா' என்று சொல்லவில்லை. கடைக்கு ஆள் வந்தால் திடுக்கிட்டான். ஆர்.கே.பேட்டை பஸ்ஸின் ஹாரன் கேட்டால் பிரிண்டருக்குப் பின்னால் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான். வெட்கமாக இருந்தது. அதைவிட, வெட்கப்பட்டுக்கொண்டே தினமும் கடையைத் திறக்க முடிகிறதே என்பது இன்னும் வெட்கமாக இருந்தது.

ஐந்தாம் நாள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். அவன் மனைவி ஹேமாவதி ஜாக்கெட் தைக்கிறவள், ஊர்க்கதை அத்தனையும் அளவு கொடுக்க வருகிறவர்கள் வழியாக அவளுக்கு வந்துவிடும். அந்தப் புவனா மணவூருக்கு, தாய் வீட்டுக்கு, போய்விட்டது என்று சொன்னாள். மாமியார் துணிமணியெல்லாம் எடுத்து வெளியில் போட்டதாகவும், புருஷன் வாயே திறக்கவில்லை என்றும் சொன்னாள்.

"போவட்டும்," என்றாள் ஹேமாவதி, சோற்றைப் பரிமாறிக்கொண்டே. "கட்டினவன் குறைய எவளாச்சும் வெளிய வுடுவாளா? நானா இருந்தா செத்தாலும் சொல்லமாட்டேன்."

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதிரில் இருப்பது பெண்டாட்டி, வேறு யாரும் இல்லை. அவன் தட்டைப் பார்த்தபடி, ரசம் ஊற்று என்றான். பொய் சொன்னதை நினைத்து அவன் பட்ட வெட்கம் ஒரு பங்கு என்றால், அந்த ரசம் கேட்டதை நினைத்துப் பிற்பாடு பட்டது பத்துப் பங்கு.

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் ஸ்டேஷனுக்குப் போய் லோக்கல் வண்டி ஏறினான். டில்லிபாபுவுக்கு வண்டியில் இருந்தே போன் போட்டான். நடந்ததைச் சொல்லி, என் கம்ப்யூட்டரிலிருந்து வந்த அத்தனையும் அழித்துவிடு என்றான். அழித்துவிடுகிறேன் என்றான் டில்லிபாபு. பிறகு, "அண்ணி மொகத்துல எப்டி முழிக்கறது நான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மணவூரில் புவனாவின் தாய் வீடு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். அவள் அம்மா எல்லம்மாள் களை எடுக்கப் போயிருந்தாள். புவனா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. வெயிலில் நின்றபடியே முரளி எல்லாவற்றையும் சொன்னான். அழிக்காமல் வைத்தது, டில்லிபாபு வந்தது, தன் கையாலேயே சரி கொடுத்தது, கடையில் பொய் சொன்னது. வரும் வழியெல்லாம் அவள் காலில் விழுந்துவிடுவது என்று நினைத்து வந்திருந்தான். அவள் நின்ற நிலையில் அதற்கு இடமே இல்லை.

"எனக்குத் தெரியும் அண்ணா," என்றாள். "நான் யாருக்கும் காட்டல. அப்ப வேற எங்கருந்து போவும்? அழிச்சிட்டேன்னு நீங்க கம்ப்யூட்டரப் பாத்துகினு சொன்னீங்க. அப்பவே தெரியும்."

அப்போதே கேட்டிருக்கலாமே என்று அவன் முணுமுணுத்தான். கேட்டபிறகு, அதைவிடக் கேவலமான கேள்வி இல்லை என்று தோன்றியது.

"நான் கேட்டா யாரு நம்புவாங்க? நீங்க கம்ப்யூட்டர் தெரிஞ்சவரு, அழிச்சிட்டேன்னு சொல்லிட்டீங்க. ஊரு நம்பினா நம்பட்டும். அவரே நம்பிட்டாரு. ஆறு வருஷம் மலடி மலடின்னு கேட்டுகினு இருந்தேன், ஒரு வார்த்த வெளிய வுடல. நீங்க சொன்ன ஒரு வார்த்தய அவரு நம்பிட்டாரு. அதான் வந்துட்டேன்."

அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, சொல்ல வேண்டிய இடத்தில் போய்ச் சொல்லுங்கள் என்றுவிட்டுத் துணியைப் பிழியக் குனிந்தாள்.

அங்கிருந்து திருத்தணி, திருத்தணியிலிருந்து பஸ். ஆர்.கே.பேட்டையில் இறங்கும்போது மணி இரண்டு. தறிச் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. ஸ்ரீதர் ஷெட்டில் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தான். முரளியைப் பார்த்ததும் தறியை நிறுத்திவிட்டு, ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். முரளி காலையில் மணவூர் போய்ப் புவனாவிடம் சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னான். இரண்டாம் தரம் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றான். ஸ்ரீதர் கையை ஓங்கவில்லை. கோபப்படவும் இல்லை. கடைசிவரை கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"அவ சொல்லலன்னு எனக்குத் தெரியும்ணா," என்றான்.

முரளிக்கு முதலில் புரியவில்லை.

"ஆறு வருஷமா சொல்லாதவ இப்ப எதுக்குச் சொல்றா? அது எனக்குத் தெரியாதா? உங்க கடைக்கு வரும்போதே தெரியும். நீங்க அழிச்சிட்டேன்னு சொன்னீங்க பாருங்க, அத புடிச்சிகினேன். அவ வெளிய சொன்னது தப்புன்னு ஆயிட்டா ஊரு அதையே பேசிகினு இருக்கும். என்னப் பேசாது."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு ஸ்ரீதர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றான். அம்மாவுக்குத் தெரிந்தால் மறுபடி தெருவுக்குப் போவாள். இப்போதுதான் பேச்சு கொஞ்சம் அடங்கியிருக்கிறது. இரண்டு மாசம் போகட்டும், நானே மணவூர் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், உங்கள் பெயரும் கெடாது என்றான்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டதும் முரளிக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லியாயிற்று, கடையும் பிழைத்தது, ஊரில் யாரும் வந்து என் பத்திரம் எங்கே என்று கேட்கப்போவதில்லை. தலையைக்கூட ஆட்டிவிட்டான். ஆட்டின பிறகுதான் தெரிந்தது, படிக்காமலேயே இன்னொரு தரம் சரி கொடுத்துவிட்டோம் என்று. அவனுக்குத் தன்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தவளின் கை மட்டும் கண்ணுக்குள் நின்றது.

"இல்ல ஸ்ரீதர்," என்றான். வீட்டு வாசலுக்கு நடந்தான். ஸ்ரீதர் அவன் கையைப் பிடித்தான், முரளி விடுவித்துக்கொண்டான். கோவிந்தம்மாள் வாசலில் நூல் கண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள். அதுவும் நல்லதுதான் என்று பட்டது. அவள் கத்தியதும் இதே தெருவில்தானே.

"அம்மா, உங்க மருமவ யாருக்கும் காட்டல. அது டில்லிபாபு போனுக்குப் போனது என்னால. அழிக்கச் சொல்லிச்சி, நான் அழிக்கல. அழிச்சிட்டேன்னு பொய் சொன்னேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் கிடையாது."

கோவிந்தம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் எழுந்து வந்தார்கள். அவள் மருமகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"எங்க வூட்டுப் பத்திரம்கூட நீதானப்பா ஸ்கேன் எடுத்த," என்றாள். "அதுவும் போயிடுச்சா?"

"அதுவும்தாம்மா. இந்தத் தெருவுல யார் யாருது எடுத்தனோ அத்தனையும் போயிட்டுது. டில்லிபாபு அழிச்சிடறான். ஒவ்வொரு வூடா நானே வந்து சொல்லப்போறேன்."

அப்புறம் யார் யாரோ என்னென்னவோ கேட்டார்கள். ஒருவர் அவன் சட்டையைப் பிடித்தார், இன்னொருவர் விலக்கிவிட்டார். முரளி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். ஒரு பொய்யும் சொல்லவில்லை, அதனால் யாருக்கும் அவன்மேல் மரியாதை வந்துவிடவும் இல்லை. நம்பித்தானே கொடுத்தோம் என்று ஒரு அம்மாள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோவிந்தம்மாள் நூல் கண்டுகளை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது பின்னால் பைக் சத்தம் கேட்டது. ஸ்ரீதர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருந்தான், பொத்தான்கூட சரியாகப் போடவில்லை. பக்கத்தில் நிறுத்தினான். மணவூருக்குப் போகிறேன் என்றான். எதற்குப் போகிறான் என்று முரளி கேட்கவில்லை, அவனும் விளக்கவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு ஹேண்டில்பாரைப் பார்த்தபடியே கேட்டான்.

"போயி இன்னான்னு சொல்றதுண்ணா?"

"நடந்தத சொல்லு."

"அதான் நீங்க காலையிலயே அவகிட்ட சொல்லிட்டீங்களே."

"நான் பண்ணத நான் சொல்லிட்டேன்," என்றான் முரளி. "என் பொய்ய நீ நம்பிட்டன்னு அது நெனச்சிகினு இருக்குது. நீ நம்பலன்னு அதுக்குத் தெரியாது. அத நீதான் சொல்லணும்."

திருத்தணி பஸ் வந்து நின்றது. முரளி ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தான். கண்டக்டர் விசில் கொடுத்து, பஸ் நகர்ந்து, கடைத்தெருவைத் தாண்டுகிறவரை அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஸ்ரீதர் இன்னும் வண்டியை எடுக்கவில்லை.